இதய பைபாஸுக்கு முன் கையை அழுத்திப் பார்ப்பது ஏன்? ‘ஆலன் சோதனை’ தந்த டாக்டர் எட்கர் ஆலனின் கதை

பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆஞ்சியோ முடிந்தது, எக்கோ முடிந்தது, ரத்தப் பரிசோதனைகளும் முடிந்தன. அதற்குப் பிறகு ஒரு மருத்துவர் வந்து நோயாளியின் இடது கையை நீட்டச் சொல்கிறார். முஷ்டியை இறுக்கி மூடச் சொல்லி, மணிக்கட்டின் இரண்டு பக்கமும் தன் விரல்களால் அழுத்திப் பிடிக்கிறார். கையைத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கிறது. சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அழுத்தத்தை மட்டும் விடுகிறார். சில விநாடிகளில் உள்ளங்கை மறுபடி சிவக்கிறது. குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

கூட இருக்கும் வீட்டுக்காரர்களுக்குக் குழப்பம்தான். ஆபரேஷன் நெஞ்சில் நடக்கப்போகிறது, கையை எதுக்குப் பிடிச்சுப் பார்க்கணும்?

காரணம் இதுதான்: இதயத்துக்குப் புதுப் பாதை போட, கையிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுக்கப் போகிறார்கள். அதை எடுத்த பிறகும் கைக்குப் போதுமான ரத்தம் கிடைக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சோதனைக்குப் பெயர் ‘ஆலன் சோதனை’. 1929-ல் அதை மருத்துவ உலகுக்குச் சொன்னவர் எட்கர் வான் நுய்ஸ் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர்.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஆலன் இறந்தது 1961-ல். இன்று நாம் அறிந்த பைபாஸ் அறுவை சிகிச்சை பரவலானது அதற்குப் பிறகுதான். தன் சோதனை இதய அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் அதை உருவாக்கியது வேறு நோயாளிகளுக்காக. விரல்கள் கறுத்து, கையை இழக்கும் நிலையில் வந்து நின்ற புகைப்பழக்கம் உள்ள இளைஞர்களுக்காக.

கைக்கு இரண்டு வழி

ஆலனின் கதைக்குள் போகும் முன் கையின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

முழங்கைக்குக் கீழே நம் கைக்கு ரத்தம் முக்கியமாக இரண்டு தமனிகள் வழியாக வருகிறது. கட்டைவிரல் பக்கம் வருவது ரேடியல் தமனி. டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பது இதில்தான். சுண்டுவிரல் பக்கம் வருவது அல்னார் தமனி. இது சற்று ஆழத்தில் ஓடுவதால் நாடித்துடிப்பு பலருக்கு எளிதில் தட்டுப்படாது.

இந்த இரண்டும் உள்ளங்கைக்குள் வந்ததும் வில் வடிவத்தில் வளைந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. தோலுக்கு அருகில் ஒரு வளைவு, ஆழத்தில் இன்னொரு வளைவு. இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வரும் குழாய் இணைப்பு மாதிரி. ஒரு பக்கம் அடைத்தாலும் இன்னொரு பக்கத்திலிருந்து வரும் ரத்தம் விரல்களைக் காப்பாற்றிவிடும்.

ஆனால் எல்லோருக்கும் இந்த வளைவு முழுமையாக இருப்பதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே இணைப்பு அரைகுறையாக இருக்கும். சிலருக்கு நோயால் ஒரு பக்கம் ஏற்கெனவே அடைபட்டிருக்கும். அப்படிப்பட்டவருக்கு மிச்சமிருக்கும் ஒரே நல்ல குழாயையும் எடுத்துவிட்டால் விரல்கள் என்னாகும்? சோதனை பதில் தேடுவது இந்தக் கேள்விக்குத்தான்.

நெப்ராஸ்காவிலிருந்து மேயோவுக்கு

எட்கர் ஆலன் 1900-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கோசாட் என்ற சிறு ஊரில் பிறந்தார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1920-களில் மின்னசோட்டா மாநிலம் ரோசெஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்கில் சேர்ந்தார். அவரது மருத்துவ வாழ்க்கையின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது.

அந்தக் காலத்தில் கை, கால் ரத்தக்குழாய் நோய்களுக்கென்று தனிக் கவனம் பெரிதாக இல்லை. காலில் ரத்தம் ஓடாவிட்டால் வலியைப் பொறுக்க வேண்டும். அழுகினால் வெட்ட வேண்டும். நோயாளி மருத்துவரிடம் போவதும் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

மேயோவில் ஜார்ஜ் பிரவுன் என்ற மூத்த மருத்துவர் இந்த நோய்களைத் தனித் துறையாக எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இளைஞரான ஆலன் அவருடன் சேர்ந்தார். 1928-ல் பிரவுன், ஆலன், ஹோவர்ட் மஹோர்னர் மூவரும் சேர்ந்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். அதன் பொருள் ஒரே ஒரு நோய்: இன்று ‘பர்ஜர் நோய்’ என்று அழைக்கப்படும் ரத்தக்குழாய் அழற்சி.

புகைப்பவர்களின் விரல்கள்

பர்ஜர் நோய்க்கு அந்தப் பெயர் வந்தது லியோ பர்ஜர் என்ற நியூயார்க் மருத்துவரால். வெட்டி எடுக்கப்பட்ட 11 உறுப்புகளை ஆராய்ந்து 1908-ல் இந்த நோயை அவர் விரிவாக விவரித்தார். அதற்கு முன்பே, 1879-ல், ஃபெலிக்ஸ் வான் வினிவார்ட்டர் இதுபோன்ற ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார்.

வயதானவர்களுக்கு வரும் கொழுப்பு அடைப்பிலிருந்து இது வேறுபட்டது. பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்டவர்களைத் தாக்கும். கை, கால்களில் உள்ள சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். நடந்தால் கால் வலிக்கும், நின்றால் வலி விடும். பிறகு உட்கார்ந்திருக்கும்போதே வலிக்கும். விரல் நுனியில் புண் வரும், ஆறாது. கடைசியில் விரல் கறுத்துவிடும்.

நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவாக இருந்தது புகையிலை. புகைப்பதை அடியோடு விட்டால் நோய் நிற்கும். விடாவிட்டால் ஒவ்வொரு விரலாகப் போகும். இன்றுவரை இதற்கு முதல் சிகிச்சை இதுதான்.

ஆனால் கையில் வரும் அடைப்பை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதில் சிக்கல் இருந்தது. மணிக்கட்டில் நாடி பார்த்தால் நன்றாகத் துடிக்கும். அடைப்போ மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கைக்குள் இருக்கும். அல்னார் தமனியில் நாடி தட்டுப்படாவிட்டால், அது நோயா, இல்லை ஆழத்தில் ஓடுவதால் தட்டுப்படவில்லையா என்பதும் தெரியாது. ஸ்கேன் இல்லாத காலம். டாப்ளர் கருவி மருத்துவமனைக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

1929: கருவி எதுவும் வேண்டாம்

இந்தச் சிக்கலுக்கு ஆலன் சொன்ன வழி ரொம்ப எளிது. மருத்துவரின் இரண்டு கட்டைவிரல்களும் கண்ணும் போதும். கைக்கடிகாரம் இருந்தால் நல்லது.

நோயாளி இரண்டு கைகளையும் நீட்டி உட்காருகிறார். மருத்துவர் இரண்டு மணிக்கட்டிலும் ரேடியல் தமனியை ஒரே நேரத்தில் அழுத்துகிறார். நோயாளி இரு முஷ்டிகளையும் ஒரு நிமிடம் இறுக்கி மூடுகிறார். இதனால் கையில் இருக்கும் ரத்தம் பிழியப்பட்டு வெளியேறும். பிறகு ரேடியல் தமனி மேல் இருக்கும் அழுத்தத்தை விடாமல், கையை மட்டும் சட்டென்று திறக்கச் சொல்கிறார். இப்போது கைக்கு ரத்தம் வர இருக்கும் முக்கிய வழி அல்னார் தமனி.

அல்னார் நன்றாக இருந்தால், வெளுத்த கை விரைவாகச் சிவந்துவிடும். அங்கே அடைப்பு இருந்தால் கை வெளுத்தே கிடக்கும். அதேபோல அல்னாரை அழுத்திப் பிடித்து ரேடியலையும் சோதிக்கலாம். இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் சோதிப்பதால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டும் பார்க்கலாம்.

மணிக்கட்டுக்குக் கீழே உள்ள அடைப்பைக் கண்டறியும் இந்த முறையை 1929-ல் மருத்துவ இதழ் ஒன்றில் ஆலன் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 29-ஐ ஒட்டி.

அதே 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இன்னொரு இளம் மருத்துவர், தன் கைச் சிரை வழியாக ஒரு குழாயைத் தன் இதயம் வரை தானே செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். இதயத்துக்குள் குழாய் விடும் சிகிச்சைகளுக்கு அதுதான் தொடக்கம். அமெரிக்காவில் கண்டறிந்த ஒரு சோதனையும் ஜெர்மனியில் நடந்த ஒரு துணிச்சலும் 60 ஆண்டுகள் கழித்து ஒரே மணிக்கட்டில் சந்திக்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

ஆலன் இத்தோடு நிற்கவில்லை. 1932-ல் பிரவுனுடன் சேர்ந்து, குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து நீலமாகும் ரேனாட் நோயை எப்படி உறுதிசெய்வது என்று வரையறை வகுத்தார். 1935-ல் ஜான் கேம்ப் என்பவருடன் சேர்ந்து, உயிரோடு இருப்பவரின் ரத்தக்குழாயில் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் முறை பற்றி எழுதினார். இன்றைய ஆஞ்சியோகிராமின் முன்னோடி வேலைகளில் அதுவும் ஒன்று. 1940-ல் எட்கர் ஹைன்ஸுடன் சேர்ந்து, பெண்களின் கால்களில் கொழுப்பு சேர்ந்து வீங்கும் ஒரு நோய்க்கு ‘லிபெடிமா’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரும் இன்று வரை நிலைத்துவிட்டது.

1946-ல் ஆலன், நெல்சன் பார்க்கர், ஹைன்ஸ் மூவரும் எழுதிய புற ரத்தக்குழாய் நோய்கள் பற்றிய பாடநூல் வந்தது. ஆலன் இறந்த பிறகும் புதிய பதிப்புகள் கண்ட புத்தகம் அது.

அழுகிய தீவனத்தில் கிடைத்த மருந்து

ஆலனின் பெயரை உலகம் சோதனையால் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் காலத்தில் அவருக்குப் பெரிய விருது வாங்கித் தந்தது சோதனை இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து.

அந்தக் கதை தொடங்கியது மாட்டுத் தொழுவத்தில். 1920-களில் அமெரிக்கா, கனடாவில் மாடுகள் ரத்தம் ஒழுகிச் செத்துக்கொண்டிருந்தன. கொம்பு வெட்டினால்கூட ரத்தம் நிற்காது. ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் பயிர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போனால் அதைத் தின்னும் மாடுகளுக்கு இப்படி ஆகிறது என்று கால்நடை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

1933-ல் ஒரு பனிக்காலத்தில், விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த மாட்டையும், ஒரு பால் கேனில் உறையாத ரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு மாடிசனில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதைப் பார்த்த வேதியியலாளர் கார்ல் பால் லிங்க், அந்த விஷப்பொருள் எது என்று தேட ஆரம்பித்தார். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு அவரது குழு அதைப் பிரித்தெடுத்தது. அதுதான் டைகூமரால்.

மாட்டைக் கொல்லும் பொருள் மனிதனுக்கு மருந்தாகுமா? அதை ஆரம்பத்திலேயே நோயாளிகளிடம் சோதித்த குழுக்களில் ஒன்று மேயோவில் இருந்தது. ஹ்யூ பட், ஆலன், ஜெஸ்ஸி போல்மன் மூவரும் 1941-ல் முதல்கட்ட முடிவுகளை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால் சிரைகளில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து, நன்றாகத் தேறி வந்த நோயாளி திடீரென்று இறந்துபோவது அன்று மருத்துவர்களைப் பயமுறுத்திய விஷயம். வாயால் சாப்பிடும் மாத்திரையாலேயே அதைத் தடுக்க முடியும் என்றால் அது பெரிய மாற்றம்.

ஆபத்தும் இருந்தது. அளவு கொஞ்சம் கூடினால் நோயாளியும் அந்த மாட்டைப்போல ரத்தம் ஒழுகலாம். ரத்தம் உறையும் நேரத்தை அளந்து பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கிடைத்த அனுபவத்தை 1940-களின் இறுதிக்குள் ஆலனும் சக மருத்துவர்களும் எழுதி வெளியிட்டார்கள். டைகூமராலின் அடுத்த வாரிசுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1950-களில் மனிதர்களுக்கு மருந்தானது. வால்வு மாற்றியவர்கள் இன்றும் சாப்பிடுவது இதைத்தான்.

ஆலன் 1950-களில் அமெரிக்க இதயச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1960-ல், ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளுக்காக லாஸ்கர் விருது மூன்று பேருக்கு வழங்கப்பட்டது. ஒருவர் மருந்தைப் பிரித்தெடுத்த லிங்க். இன்னொருவர் ஆலன். மூன்றாவது நபர் நியூயார்க்கைச் சேர்ந்த இர்விங் ரைட். அடுத்த ஆண்டே, 60 வயதை ஒட்டிய காலத்தில், ஆலன் இறந்துவிட்டார்.

பெயரில் ஒருவர், செய்முறையில் இன்னொருவர்

அந்த இர்விங் ரைட்டுக்கு நம் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. இன்று மருத்துவமனைகளில் ஆலன் சோதனை என்று செய்யப்படுவது, உண்மையில் ரைட் 1952-ல் தன் புத்தகத்தில் சொன்ன மாற்றம்.

ஆலன் ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒரு தமனியை மட்டும் அழுத்தினார். ரைட் ஒரே கையில் இரண்டு தமனிகளையும் அழுத்தச் சொன்னார். கை வெளுத்த பிறகு ஒன்றை மட்டும் விட்டால், அந்த ஒன்று எவ்வளவு ரத்தம் கொண்டுவருகிறது என்று தெளிவாகத் தெரியும். மருத்துவப் புத்தகங்களில் இதற்கு ‘மாற்றியமைக்கப்பட்ட ஆலன் சோதனை’ என்று பெயர். பேச்சுவழக்கில் ரைட்டின் பெயர் காணாமல் போய், ஆலன் மட்டும் நின்றுவிட்டார்.

நோயாளிக்கான சோதனை மருத்துவருக்கானது ஆனது

ஆலன் இறந்த பிறகு 1960-களில் அறுவை அரங்குகளில் ஒரு புதுப் பழக்கம் பரவியது. பெரிய ஆபரேஷன்களின்போது ரத்த அழுத்தத்தை விநாடிக்கு விநாடி அறிய, ரேடியல் தமனிக்குள் சின்னக் குழாய் ஒன்றைச் செருகி வைப்பார்கள். அரிதாகச் சிலருக்கு அந்தத் தமனி அடைத்து விரல்கள் பாதிக்கப்பட்டன. அதனால் குழாய் செருகும் முன் அல்னார் தமனி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் தேடி எடுத்தது ஆலனின் பழைய சோதனையை.

இங்கேதான் சோதனையின் அர்த்தமே மாறியது. ஆலன் தேடியது நோய் செய்த அடைப்பை. இப்போது மருத்துவர்கள் கேட்டது, நாங்களே ஒரு குழாயை அடைத்தால் இந்தக் கை தாங்குமா என்று.

1967-ல் அமெரிக்காவின் க்ளீவ்லாண்டில் ரெனே ஃபாவலோரோ, காலில் இருந்து எடுத்த சிரையால் இதயத்துக்கு மாற்றுப்பாதை போட்டார். பைபாஸ் உலகம் முழுவதும் பரவ அது வழி செய்தது. ஆனால் கால் சிரைக்கு ஒரு குறை உண்டு. சிரை குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் குழாய். அதை இதயத்தில் வைத்து முழு அழுத்தத்தில் ரத்தத்தை ஓடவிட்டால் காலப்போக்கில் தடித்து அடைக்கிறது. 10 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிச் சிரைகள் அடைந்துவிடுகின்றன.

தமனிக்குப் பதில் தமனியையே வைத்தால் என்ன? பாரிஸில் அலெய்ன் கார்பென்ட்டியே 1970-களின் தொடக்கத்தில் கையின் ரேடியல் தமனியை எடுத்து இதயத்தில் வைத்துப் பார்த்தார். ஓரிரு ஆண்டுகளில் பல குழாய்கள் அடைத்துவிட்டன. கைத் தமனியின் சுவரில் தசை அதிகம். தொட்டாலே சுருங்கிக்கொள்ளும். எடுக்கும்போது உள்சுவரில் பட்ட காயமும் சேர்ந்துகொண்டது. முறையைக் கைவிட்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, அந்தப் பழைய நோயாளிகளில் ஒருவருக்கு மறுபடி ஆஞ்சியோ எடுத்தபோது, அடைத்துவிட்டது என்று நினைத்திருந்த ரேடியல் குழாய் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. உடனே மீண்டும் முயன்றார்கள். இம்முறை தமனியைச் சுற்றியுள்ள திசுவோடு மெதுவாக எடுத்தார்கள். சுருங்காமலிருக்க மருந்தும் கொடுத்தார்கள். 1992-ல் பாரிஸ் குழு இந்த மறுவருகையை வெளியிட்டது. ரேடியல் தமனி திரும்ப வந்தது, கூடவே ஆலன் சோதனையும்.

அதற்குள் இன்னொரு கதவும் திறந்திருந்தது. 1989-ல் கனடாவின் மான்ட்ரியலில் லூசியன் காம்போ, தொடைக்குப் பதிலாக மணிக்கட்டின் ரேடியல் தமனி வழியாக இதய ஆஞ்சியோ செய்து காட்டினார். 1990-களில் ஆம்ஸ்டர்டாமில் அதே வழியில் ஸ்டென்ட்டும் வைத்தார்கள். 1929-ன் அந்த இரண்டு முயற்சிகளும் மணிக்கட்டில் சந்தித்தது இப்படித்தான்.

சோதனையை எவ்வளவு நம்பலாம்?

எளிமைதான் ஆலன் சோதனையின் பலம். அதுவே பலவீனமும். கை சிவந்துவிட்டதா என்பதை மருத்துவரின் கண் முடிவு செய்கிறது. அறை வெளிச்சம், தோல் நிறம், ரத்தசோகை, கை குளிர்ந்திருப்பது எல்லாமே முடிவை மாற்றலாம். நோயாளி மணிக்கட்டை அதிகமாகப் பின்னால் வளைத்தாலோ விரல்களை விறைப்பாக விரித்தாலோ நல்ல கைகூட வெளுத்தே தெரியும். எத்தனை விநாடிக்குள் சிவக்க வேண்டும் என்பதிலும் ஒரே விதி இல்லை. ஒரு மருத்துவமனையில் 5 விநாடி என்பார்கள், இன்னொன்றில் 10 என்பார்கள்.

1983-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 1,699 அறுவை சிகிச்சை நோயாளிகளுக்கு ரேடியல் தமனியில் குழாய் வைத்துக் கவனித்தார்கள். நாலில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குத் தமனியில் ஓரளவோ முழுமையாகவோ அடைப்பு வந்தது. ஆனால் ரத்தம் இல்லாமல் யாருடைய கையும் சேதமாகவில்லை. 2014-ல் வந்த இன்னோர் ஆய்வு, ஆலன் சோதனையில் தவறிய கைகளிலும் ரேடியல் வழியாக ஆஞ்சியோ செய்து பார்த்தது. 203 நோயாளிகளில் யாருக்கும் கை பாதிக்கப்படவில்லை. அதனால் ஆஞ்சியோவுக்கு முன் இந்தச் சோதனை கட்டாயமில்லை என்று பல இதய மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள்.

அப்படின்னா பைபாஸுக்கும் விட்டுவிடலாமா? அங்கே நிலைமை வேறு. ஆஞ்சியோவில் தமனி கையிலேயே இருக்கிறது, அடைத்தாலும் திறக்க வாய்ப்பு உண்டு. பைபாஸில் மணிக்கட்டிலிருந்து முழங்கை அருகே வரை மொத்தக் குழாயையும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். திரும்ப வைக்க முடியாது. சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், புகைத்தவர்கள் பலரின் அல்னார் தமனியிலேயே கொழுப்பு படிந்திருக்கலாம். அதனால் அறுவை மருத்துவர்கள் கையைச் சோதிக்காமல் தொடுவதில்லை. ஆனால் ஆலன் சோதனையோடு மட்டும் நிறுத்துவதும் குறைந்துவருகிறது.

இன்று என்ன செய்கிறார்கள்?

படுக்கையருகே முதலில் ஆலன் சோதனை. கை உடனே சிவந்தால் நல்ல அறிகுறி. சந்தேகம் இருந்தால் அடுத்த கட்டம்.

கட்டைவிரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டி, ரேடியலை அழுத்திப் பிடித்து, திரையில் நாடி அலை வருகிறதா என்று பார்ப்பது ஒரு முறை. கனடா மருத்துவர் பார்போ 2004-ல் இதற்கு ஒரு அளவுகோல் வகுத்தார். கண்ணுக்குப் பதில் கருவி சொல்வதால் குழப்பம் குறைவு.

டாப்ளர் ஸ்கேன் இன்னும் தெளிவு. இரண்டு தமனிகளின் அகலம், சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, ரேடியலை அழுத்தும்போது அல்னாரில் ரத்த ஓட்டம் கூடுகிறதா என்று எல்லாம் தெரியும். சுண்ணாம்பு படிந்த தமனி கைக்குப் பிரச்சினை தராவிட்டாலும், இதயத்தில் வைக்கத் தகுதியில்லாமல் போகலாம்.

2018-ல், ஆறு ஆய்வுகளைச் சேர்ந்த 1,036 நோயாளிகளின் தரவுகளை ஒன்றாகப் பார்த்தபோது, கால் சிரையைவிடக் கைத் தமனி வைத்தவர்களுக்கு 5 ஆண்டுகளில் இதயப் பிரச்சினைகள் குறைவாக இருந்தன. 2021-ல் அமெரிக்க இதய அமைப்புகளின் வழிகாட்டுதல், மார்புத் தமனிக்கு அடுத்த முக்கியக் குழாய்க்குக் கால் சிரையைவிட ரேடியலை விரும்பும்படி சொன்னது. கையைச் சரியாகச் சோதிப்பதன் மதிப்பு இதனால் கூடியிருக்கிறது. பயத்தில் ஒரு நல்ல கையை ஒதுக்கினால் நோயாளி ஒரு நல்ல குழாயை இழக்கிறார். அவசரத்தில் கெட்ட கையைத் தேர்ந்தெடுத்தால் விரல்களை இழக்கலாம்.

நோயாளி தெரிந்துவைக்க வேண்டியவை

எந்தக் கையால் எழுதுகிறீர்கள், எந்தக் கையால் வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பொதுவாக அதிகம் பயன்படுத்தாத கையிலிருந்தே தமனி எடுப்பார்கள்.

மணிக்கட்டு வழியாக ஏற்கெனவே ஆஞ்சியோ செய்திருந்தால் எந்தக் கை என்று சொல்லுங்கள். குழாய் விட்ட தமனியின் உள்சுவர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும். பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்பட்டால், தமனியையும் சிரையையும் இணைத்து வழி அமைக்க அந்தக் கை வேண்டியிருக்கும்.

குளிரில் விரல் வெளுப்பது, கையில் பழைய காயம், அறுவை சிகிச்சை, புகைப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தமனி எடுத்த பிறகு கட்டைவிரலின் பின்பக்கம் சிலருக்கு மரத்துப்போகும். அருகில் ஓடும் உணர்வு நரம்பு தொந்தரவுக்கு ஆளாவதால் இது வருகிறது. பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும். ஆனால் விரல்கள் வெளுத்துக் குளிர்ந்து, கடுமையாக வலித்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே கையை அழுத்திச் சோதித்து, எனக்கு அடைப்பு என்று பயப்பட வேண்டாம். நல்ல கையும் தவறாகக் காட்டும் சோதனை இது.

ஆலனின் பழைய நோயாளிகள்

அமெரிக்காவில் ஆலன் பார்த்த பர்ஜர் நோய் இன்று அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்தியாவில் அப்படி இல்லை. மேற்கு நாடுகளைவிட இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் இது அதிகம் காணப்படுகிறது. பீடி புகைப்பவர்களிடம் இதைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

அந்த நோயாளி வரும்போது இங்கேயும் மருத்துவர் செய்வது அதே 1929-ன் சோதனைதான். கையை மூடச் சொல்கிறார், மணிக்கட்டை அழுத்துகிறார், கையைத் திறந்து நிறத்தைப் பார்க்கிறார். கை சிவக்கவில்லை என்றால் அவருக்குக் கிடைக்கும் முதல் மருந்துச் சீட்டில் மாத்திரைக்கு முன்பு எழுதப்படுவது ஒன்றுதான்: பீடியை இன்றோடு நிறுத்த வேண்டும். குறைத்துக்கொள்வது போதாது. ஒன்றிரண்டு புகைத்தாலும் நோய் தொடரும். முழுதாக நிறுத்தியவர்களில் பெரும்பாலானோருக்கு விரல்கள் மிஞ்சுகின்றன.